அனுமதிக் கடிதம் வந்த பின்னர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர வகுப்பு மாணவியருக்கும் பெற்றோருக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் கல்லூரி மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு "உயர்கல்விக்கான நிதி வழிகள்" என்பது. தலைவி அக்கா தொலைபேசியில் கேட்டபோது இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. "நீ உந்தக் கந்தோரில கனகாலம் இருந்தனியல்லோ, பிள்ளையளுக்குக் காசு எங்கையிருந்து வரும் எண்டு சொல்லு, அரை மணித்தியாலம் போதும்" என்றார். அவர் சொன்ன கந்தோர் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவு. 26 வருடம் அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றேன். மகாபொல விண்ணப்பம், உதவிப்பணம், விடுதி அனுமதி எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஆகவே நான் இன்று பேசப்போவது அந்த மேசைக்கு முன்னால் கண்டவை. பெரிய கொள்கை விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

நம் நாட்டில் பல்கலைக்கழகக் கல்வி இலவசம் என்று எல்லோருக்கும் தெரியும். கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945 இல் நடைமுறைக்கு வந்த திட்டம் அது. எங்கள் சங்கம் தொடங்கிய காலத்தில் இந்தக் கல்லூரியில் படிப்பதற்கே கட்டணம் கட்டவேண்டும். கட்ட முடியாமல் ஐந்தாம் வகுப்போடு நின்ற பேத்திமார், பூட்டிமார் எங்கள் எல்லோர் வீட்டிலும் இருந்திருப்பார்கள். அந்த நிலையிலிருந்து இந்த ஊரின் பெண்பிள்ளைகள் மருத்துவராக, பொறியியலாளராக வந்ததற்கு இலவசக் கல்வியே காரணம். அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் இலவசம் என்பது விரிவுரைக்குத்தான். சோற்றுக்கு இலவசம் இல்லை. அறைக்கு, பஸ்ஸுக்கு, மடிக்கணினிக்கு, போட்டோ பிரதிக்கு, கண்ணாடிக்கு, மருந்துக்கு இலவசம் இல்லை. மருத்துவபீடப் பிள்ளைக்கு வெள்ளை அங்கியும் ஸ்டெதஸ்கோப்பும் வேண்டும். நுண்கலைப் பிள்ளைக்கு வீணையோ உடுப்போ வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்று மிகவும் சிக்கனமாகவே வைப்போம். மாதத்துக்கு 18,000. இதில் அறை வாடகை இல்லை, வீட்டுக்கு வந்துபோகும் செலவு இல்லை, தொலைபேசிக்கு டேட்டா போடும் காசுகூட இல்லை. இந்தப் 18,000 உடன் மகாபொலவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மகாபொல என்பது என்ன என்று தங்கைகளில் பலருக்குத் தெரிந்திருக்காது. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது தொடங்கிய திட்டம். மகாபொல என்ற பெயரில் ஊர் ஊராக வர்த்தகக் கண்காட்சி நடத்தினார்கள். 1981 இல் சட்டம் இயற்றி நம்பிக்கை நிதியமாக்கினார்கள். உயர்தரப் பெறுபேற்றில் மிக முன்னணியில் நிற்கும் சிறு தொகையினருக்குத் திறமைப் பிரிவிலும், மற்றவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சாதாரண பிரிவிலும் கொடுக்கிறார்கள். நீண்டகாலம் சாதாரண பிரிவுக்கு 5,000 ரூபாய், திறமைப் பிரிவுக்கு 5,050 ரூபாய். திறமைக்கு 50 ரூபாய் என்று எங்கள் கந்தோரில் பகிடி பண்ணுவோம். 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 என்பதை 7,500 ஆக உயர்த்தினார்கள். மகாபொல கிடைக்காத, ஆனால் வருமானம் குறைந்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வழியாக வரும் 'பேர்சறி' என்னும் உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500 ஆனது. இரண்டையும் ஒருவர் பெற முடியாது. வருடத்துக்குப் பன்னிரண்டு தவணையும் இல்லை, பத்துத்தான். 7,500 ரூபாயைப் பத்தால் பெருக்கினால் வருடத்துக்கு 75,000.

முன்பு சொன்ன கணக்கில் அந்த 7,500 ரூபாய் பன்னிரண்டரை நாள் சாப்பாட்டுக்குக் காணும். 2025 இல் உயர்த்திய பிறகும் நிலை அப்படித்தான் இருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தபோதும் பிள்ளைகளின் கையில் அதே 5,000 தான். அந்த வருடம் மதியம் சாப்பிடாமல் நூலகத்தில் இருந்த பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் நூலகம் நிறைந்திருந்தால் படிப்பில் ஆர்வம் கூடிவிட்டது என்று எண்ணக்கூடாது.

தொகை போதாது என்பது எல்லோரும் சொல்லும் குறை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அது வரும் காலம். பிள்ளை பதிவு செய்யும்போது விண்ணப்பம் கொடுக்கிறாள். கிராம அலுவலர் வருமானத்தை உறுதிப்படுத்தவேண்டும், பிரதேச செயலகத்தில் ஒப்பமிடவேண்டும், பிறகு பரிசீலனை, பெயர்ப்பட்டியல், வங்கிக் கணக்கு சரிபார்ப்பு. என் அனுபவத்தில் முதலாவது தவணை கையில் வருவதற்கு விரிவுரை தொடங்கி மூன்று நான்கு மாதம் ஆகும். சில தொகுதிகளுக்கு இன்னும் கூடுதலாக ஆகியிருக்கிறது. வரும்போது நிலுவையும் சேர்ந்து ஒன்றாக வரும். ஆனால் பசி நிலுவையில் நிற்பதில்லை. செலவு அதிகமாக இருப்பதும் அந்த முதல் நான்கு மாதத்திலேதான். மெத்தை, வாளி, நுளம்பு வலை, சேலை அல்லது குறித்த நிற உடுப்பு, அறைக்கு முற்பணம் எல்லாம் ஒரே வாரத்தில் வரும்.

வன்னிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையின் கதையை, ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். நல்ல பெறுபேறு. வந்து ஆறாவது வாரம் என் மேசைக்கு முன் நின்று, "மிஸ், பதிவை ஒரு வருடத்துக்குப் பின்போட ஏலுமோ?" என்று கேட்டாள். வருத்தமோ என்றேன், இல்லை என்றாள். பகிடிவதையோ என்றேன், இல்லை என்றாள். கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்த பிறகுதான் சொன்னாள். தாய் தன் சங்கிலியை அடகு வைத்து அனுப்பிய காசு முடிந்துவிட்டது. வீட்டில் அடகு வைக்க வேறு ஒன்றும் இல்லை. ஒரு வருடம் உடுப்புக்கடையில் நின்று உழைத்துவிட்டு வருகிறேன் என்றாள். அந்தப் பிள்ளைக்கு மகாபொல கிடைக்கும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பட்டியல்தான் வரவில்லை. எங்கள் கந்தோர் உத்தியோகத்தர் நாலு பேர் சேர்ந்து ஒரு தொகை போட்டோம், கடன் என்று சொல்லித்தான் கொடுத்தோம். பத்தாவது வாரம் மகாபொல வந்தது. இரண்டு தவணையில் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிட்டாள்.

அந்தச் சம்பவத்தில் வேண்டியிருந்தது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். நான்கு வருடப் புலமைப்பரிசில் வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதத்துக்குச் சாப்பாடும் அறை வாடகையும் வேண்டியிருந்தது. அது இல்லாமல் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் நின்ற பெண்பிள்ளை திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்று இங்குள்ள அம்மாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆண்பிள்ளை என்றால் வேலைக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டு வருவான். பெண்பிள்ளைக்கு அந்த ஒரு வருடத்துக்குள் கலியாணம் பேசி வந்துவிடும்.

இனிச் சில நடைமுறை விடயங்கள். தங்கைகள் கொப்பியை எடுக்கலாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதவேண்டும். செலவுக்குப் பயந்து தூரத்துப் பல்கலைக்கழகங்களைக் கீழே போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. "பேராதனை, மொறட்டுவை எல்லாம் எங்களுக்குக் கட்டாது" என்று அப்பா ஒரே சொல்லில் முடித்துவிடுவார். கொஞ்சம் பொறுங்கள். விடுதி கொடுக்கும்போது பொதுவாகத் தூரத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. முதலாம் வருடத்திலும் இறுதி வருடத்திலும் பெரும்பாலான இடங்களில் விடுதி கிடைக்கும். விடுதிக் கட்டணம் வெளியில் அறை எடுப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். பருத்தித்துறையிலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைக்கு ஆகும் பஸ் காசையும், போகும் நேரத்தையும், வெளிச் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் பேராதனை விடுதியில் இருக்கும் பிள்ளையைவிட அதிகமாகவும் வரலாம். கணக்குப் போடாமல் முடிவெடுக்காதேயுங்கோ. நடு வருடங்களில் வெளியில் அறை எடுக்கவேண்டி வரும், அதற்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்குங்கள்.

வருமானம் எழுதும் படிவத்தைப் பற்றி. அதில் குடும்பத்தின் மொத்த வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடம் போகும் தம்பி தங்கைகள் எத்தனை பேர், பல்கலைக்கழகத்தில் அண்ணன் அக்கா இருக்கிறார்களா, வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் என்பவற்றையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே தம்பியின் பாடசாலைக் கடிதத்தை மறக்காமல் இணையுங்கள். இணைக்காமல் விட்டுச் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் மகாபொல தவறிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கை முன்கூட்டியே திறந்து வையுங்கள். அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம், அதனால் வரும் தாமதம் கொஞ்சநஞ்சமில்லை. சமூகமளிப்பு குறைந்தாலும், வருடத்தைத் திரும்பப் படிக்கவேண்டி வந்தாலும் கொடுப்பனவு நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல், கோபிக்கவேண்டாம். கடை வைத்திருப்பவர் வருமானத்தை மாதம் 15,000 என்று எழுதிக்கொண்டு வருகிறார். வெளிநாட்டிலிருந்து வரும் காசைக் காட்டாமல் விடுகிறார். அப்படி எழுதும்போது பட்டியலின் அடியில் நிற்கும் யாரோ ஒரு பிள்ளை வெளியே தள்ளப்படுகிறாள். அவள் உங்கள் மகளின் பக்கத்துக் கட்டிலில் படுப்பவளாகவும் இருக்கக்கூடும். இடங்கள் எண்ணிக்கைக்குட்பட்டவை.

அந்தப் படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கூடு உண்டு. போருக்குப் பிந்திய வருடங்களில் அந்தக் கூட்டில் பேனை நிற்கும். ஒரு தாய் வந்து, "செத்தவர் எண்டு எழுத என்னால ஏலாது, உயிரோட இருக்கிறார் எண்டு எழுதினால் சம்பளம் கேக்கினம்" என்றார். ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. இறந்ததாகப் பதிய மனமில்லாத குடும்பங்கள் அதைப் பெறலாம், அதை வைத்துப் பிள்ளைக்கு விண்ணப்பிக்கலாம். இந்த மண்டபத்திலும் அப்படி ஒரு குடும்பம் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உயர்தரத்தில் சித்தியடைந்து பல்கலைக்கழகத் தகுதி பெறுபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மற்ற மூவருக்கும் வழி என்ன? 2017 இல் அரசாங்கம் ஒரு வட்டியில்லாக் கடன் திட்டம் தொடங்கியது. ஒரே அமர்வில் மூன்று பாடமும் சித்தியடைந்த, அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள், உயர்கல்வி அமைச்சு பட்டியலிட்ட தனியார் நிறுவனங்களில் பட்டப்படிப்புப் படிக்க அரச வங்கி மூலம் கடன் பெறலாம். ஆரம்பத்தில் கற்கைக் கட்டணத்துக்கு 800,000 ரூபாய் வரை கொடுத்தார்கள், பிறகு கூட்டினார்கள். வட்டியை அரசு செலுத்தும். படிப்பு முடிந்து சலுகைக் காலம் கழித்து முதலைத் தவணையாகக் கட்டவேண்டும். நல்ல திட்டம். ஆனால் மூன்று விடயத்தைப் பார்த்துக்கொண்டு கையெழுத்து வையுங்கள். பட்டியலில் அந்த நிறுவனம் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் எடுக்கும் பட்டமும் இருக்கவேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே இருப்பதால் அறை, சாப்பாட்டுச் செலவு தனி. படிப்பை இடையில் விட்டாலும் கடன் உங்களை விடாது. பிணை நிற்பவர் மாமாவாகவோ ரீச்சராகவோ இருப்பார், அந்த மனிதரின் சம்பளத்தில் கைவைக்கும் நிலை வரக்கூடாது.

கடனே எடுக்காமல், படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு கிடைக்கும் படிப்புகளும் உண்டு என்பதை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள். தேசிய கல்வியியற் கல்லூரிகளும் தாதியர் பயிற்சியும் அப்படியானவை. எங்கள் ஊரில் "கம்பஸ் கிடைக்கேல்லை, அதால கல்வியியற் கல்லூரிக்குப் போறாள்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்தக் குரல் எனக்குப் பிடிப்பதில்லை. 1980 இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் அதற்கு நிலையமும் உண்டு. கட்டணம் உண்டென்றாலும் எடுக்கும் பாடங்களுக்குக் கட்டினால் போதும், வேலை செய்துகொண்டே படிக்கலாம். எங்கள் கல்லூரி விடுதியில் மலையகத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1947 இலிருந்து ஒரு கல்வி நம்பிக்கை நிதியம் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வழியாக உதவி வழங்கிவருகிறது. அந்தப் பிள்ளைகள் அதைக் கட்டாயம் விசாரிக்கவேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்க நேரு நினைவுப் புலமைப்பரிசில் போன்றவையும் உயர்ஸ்தானிகராலயத்தால் அறிவிக்கப்படுகின்றன. பத்திரிகையைப் பாருங்கள், விண்ணப்பக் காலம் குறுகியது.

வேலை செய்துகொண்டு படிப்பதைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகமே மாணவருக்கு நூலகத்தில், உணவுச்சாலையில் சில மணித்தியால வேலை கொடுத்துச் சம்பளத்தின் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. இங்கே அப்படி ஓர் ஒழுங்கு இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு உள்ள பகுதிநேர வேலை ரியூசன் சொல்லிக் கொடுப்பதுதான். பத்தாம் வகுப்புக் கணிதம் நாலு பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்துச் சாப்பாட்டுச் செலவைச் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் முதலாம் வருடத்தில் வேண்டாம், விஞ்ஞான பீடம் என்றால் செய்முறைக்குப் பிறகு உடம்பு இருக்காது.

கடைசியாக, செய்யவே கூடாதது ஒன்று. வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து வசூலிக்கும் நுண்கடனை மகளின் படிப்புக்காக எடுக்காதேயுங்கோ. படிப்பு நான்கு வருடம் கழித்துத்தான் காசு தரும், அந்தக் கடன் அடுத்த செவ்வாய்க்கிழமையே கேட்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. அதைவிட நகை அடகு மேல். ஆனால் அடகுச் சீட்டின் தவணைத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். மீட்காமல் விட்டு ஏலத்தில் போன தாலிக்கொடிகளைப் பற்றி இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

இவ்வளவும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும். இனி நான் சங்கத்துச் சகோதரிகளோடு கொஞ்சம் கதைக்கவேண்டும். பிள்ளைகள் இருக்கத்தக்கதாகவே கதைக்கிறேன்.

நூற்றாண்டு நினைவாக நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டுவதென்று பேச்சு நடக்கிறது. பொருளாளர் சொன்ன மதிப்பீடு 40 இலட்சம் ரூபாய். உள்ளூர்க் கிளையும் இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் சகோதரிகளும் சேர்ந்து திரட்டும் பணம். வெளிநாட்டுச் சகோதரிகளின் பணம் மரத்தில் காய்ப்பதென்று இங்கே ஒரு நினைப்பு உண்டு. இங்கிலாந்தில் இப்போது பல்கலைக்கழகம் போகும் அவர்களின் பிள்ளைகள் கட்டணத்துக்கே கடன் எடுக்கிறார்கள். குறித்த வரம்புக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணிலும் 9 வீதம் அந்தக் கடனுக்குப் போகும், 2023 இலிருந்து சேர்ந்தவர்களுக்கு அது 40 வருடம் வரை தொடரலாம். அப்படித் தங்கள் பிள்ளைகளுக்கும் கடன் இருக்கத்தக்கதாக அனுப்பும் பணம் இது. ஆகவே எதற்குச் செலவழிக்கிறோம் என்று நன்றாக யோசிக்கவேண்டும்.

வளைவு அழகாக இருக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் என் வாக்கு அதற்கு இல்லை. ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் காலடி வைத்து முதல் நான்கு மாதம் தாக்குப்பிடிக்க மாதம் 25,000 வீதம் ஓர் இலட்சம் ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வளைவின் பணத்தில் 40 பிள்ளைகளை அந்த நான்கு மாதத்தைக் கடக்கவைக்கலாம்.

வழக்கமாக நாங்கள் செய்வது பணத்தை நிலையான வைப்பில் போட்டு வட்டியில் புலமைப்பரிசில் கொடுப்பது. வட்டி வீதம் எட்டு என்றால் 40 இலட்சத்துக்கு வருடம் 320,000. மூன்று பிள்ளைகள். விலை ஏறினால் அந்த மூன்றும் இரண்டாகும். 2022 க்கு முன்னர் வைப்பில் போட்ட பல அறக்கட்டளைகளின் பணம் இன்று என்ன பெறுமதி என்று பொருளாளரைக் கேட்டுப் பாருங்கள். பாதுகாப்பாகத்தான் இருக்கிறது, பெறுமதிதான் இல்லை.

நான் கேட்பது ஒரு சுழற்சி நிதி. பிள்ளைக்குப் பணத்தைக் கடனாகக் கொடுப்போம், வட்டி இல்லை, பிணையாள் இல்லை, பிள்ளையும் தாயும் வைக்கும் கையெழுத்து மட்டும். மகாபொல நிலுவை வரும்போது முடிந்த பங்கைத் தரட்டும். மிச்சத்தை வேலை கிடைத்து ஆறு மாதம் கழித்துச் சிறு தவணையாகத் தரட்டும். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். எல்லோரும் திருப்பித் தருவார்களா என்று செயற்குழுவில் ஒரு சகோதரி கேட்டார். தரமாட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு வராது என்றே வைத்துத் திட்டமிடுவோம். வராத பங்கை நன்கொடையாக எழுதிவிட்டு, சந்தாவிலிருந்து அந்த ஓட்டையை வருடாவருடம் அடைப்போம். கட்ட முடியாத பிள்ளையை வீட்டுக்குத் தேடிப் போகவே கூடாது. வங்கியின் வேலையைச் செய்ய எங்களுக்கு இந்தச் சங்கம் தேவையில்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதை விண்ணப்பம் கோரி, நேர்முகம் வைத்து, நகை போட்டுக்கொண்டு வரிசையில் இருக்கும் எங்களுக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தித் தீர்மானிக்கவேண்டாம். வகுப்பாசிரியருக்குத் தெரியும். பயிற்சிக் கொப்பி வாங்காமல் பழைய கொப்பியின் மிச்சப் பக்கத்தில் எழுதுபவள் யார், ஒன்றுகூடல் பயணத்துக்கு வருத்தம் என்று சொல்லி நிற்பவள் யார் என்று ஆசிரியர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அதிபர், ஒரு ஆசிரியர், சங்கத்திலிருந்து ஒருவர், இந்த மூவர் போதும். கூட்ட அறிக்கையில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும்.

இதனோடு சேர்ந்ததாக இன்னொன்று. பரிசளிப்பு விழாவில் உதவி பெறும் பிள்ளையை மேடைக்கு அழைத்து, பெரிய மட்டையில் அச்சடித்த காசோலையைக் கையில் கொடுத்து, நன்கொடையாளரோடு நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கத்தை நிறுத்துவோம். நன்கொடையாளருக்குக் கணக்கு வேண்டும், அது நியாயம், கணக்கை எழுத்தில் அனுப்புவோம். படம் வேண்டும் என்பதில் நியாயம் இல்லை. உதவி வேண்டும், ஆனால் அந்த மேடைக்கு வரமாட்டேன் என்று வேண்டாமென்று சொல்லிப் போன பிள்ளைகள் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வகுப்புத் தோழிகளின் கண் எவ்வளவு பெரியது என்று நாங்களும் ஒருகாலத்தில் இதே மண்டபத்தில் இருந்து அறிந்தவர்கள்தானே. இந்த நூற்றாண்டு மலரிலும் அப்படி ஒரு படம் வரக்கூடாது என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்கள்.

வளைவா நிதியா என்பது வருகிற பொதுக்கூட்டத்தில் வாக்குக்கு வரும். இரண்டு பக்கமும் பேச ஆள் இருக்கவேண்டும், வளைவின் பக்கம் பேச விரும்பும் சகோதரிகளும் வரவேண்டும். வர முடியாத வெளிநாட்டுச் சகோதரிகள் செயலாளருக்குக் கடிதம் மூலம் தங்கள் கருத்தை அனுப்பலாம்.

தங்கைகளுக்கு: நான் சொன்ன படிவங்களின் பட்டியலையும் இணைக்கவேண்டிய ஆவணங்களின் விபரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பிரதி எடுத்து நூலகத்தில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுங்கள். பெறுபேறு வந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணியிலிருந்து நான் அங்கேதான் இருப்பேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தனியாகக் கதைக்கவேண்டும் என்றால் தனியாகவே வாருங்கள்.